படுக்காத பைப்

தான் செய்த சின்ன டிரெய்லர், ரொட்டி அடுப்பையும் மச்சினனையும் முதுகில் சுமந்துகொண்டு ஒரு பள்ளத்தின் மேல் பாலமாக நின்றது, தண்டவாளம் போட்டிருந்தால் ரயிலே போயிருக்கும் என்று ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் சொன்னால் முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல்கூடச் சிரிக்கும்.

பழைய டிரெய்லர் மச்சினனின் யோசனை. "கனமா வாங்குங்க மாமா" என்று நச்சரித்து, ஓட்டையில் சுண்டுவிரல்கூட நுழையாத சின்னச் சதுரக் குழாயை வாங்கவைத்தான். கனம் என்றால் தடிமனா எடையா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பான். காலி வண்டியை இழுக்கவே காருக்கு மூச்சு வாங்கியது. நாலு மாவு மூட்டை ஏற்றியதும் நடுவில் தொய்ந்து பல்லிளித்தது.

ரொட்டி போட்டு விற்கும் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். அடுத்ததும் வளைந்தால் மெக்கானிக் தன் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். அங்கே அவள் தம்பி, அந்த மச்சினன்தான், உடற்பயிற்சிக் கூடம் வைப்பான். தம்பி அன்றே வந்து சுவரை அளந்துகொண்டு போனான். தூக்கப்போவது என்னவோ தன் தொப்பையைத்தான்.

இந்த முறை மெக்கானிக் யாரையும் கேட்கவில்லை. ஒன்றரைக்கு மூன்று அங்குலத்தில் நீள்சதுரக் குழாய், நடுத்தரத் தடிமன். மச்சினன் விரல்முட்டியால் தட்டிப் பார்த்துத் தகர டப்பா என்றான். வெல்டிங் வைக்கும் நேரத்தில் குழாய்களை அகலவாட்டில் படுக்கவும் வைத்தான். பலகை நன்றாக உட்காருமாம். இத்தனை பெரிய மண்டைக்குள் இத்தனை காலி இடமா என்று மெக்கானிக் வியந்தார்.

"நீ வேணா படு மாப்ளே. பைப் நிக்கட்டும். அந்த மூணு இஞ்சு உசரம்தான் அதுக்குத் தெம்பு."

"காத்தடிச்சாலே மடங்கிடும் மாமா."

புதுக் கடைக்கு அடுப்பு போன அன்று, வாசலில் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளம் குறுக்கே கிடந்தது. மச்சினன் பலகை போட்டான், கனமானதாகப் பார்த்து. உள்ளே பாதியைக் கரையான் தின்றிருந்தது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன் என்று மேலேயும் ஏறிக்கொண்டான். டிரெய்லரின் குழாய்ச் சட்டம் மடங்குவதை முதல் ஆளாகப் பார்க்கும் ஆசை.

பலகை படாரென்று முறிந்தது. சக்கரம் இரண்டும் பள்ளத்தில் தொங்க, சட்டத்தின் முன்பக்கம் ஒரு கரையிலும் பின்பக்கம் மறுகரையிலும் உட்கார்ந்தன. நடுவில், பாதித் தெரு சேர்ந்து ஏற்றிய அடுப்பு. அதைக் கட்டிப்பிடித்தபடி மச்சினன். மெக்கானிக் குனிந்து ஒரு கண்ணை மூடிக் குழாயின் நீளத்துக்கும் பார்த்தார். பிறகு மச்சினனை இறக்கி, பிடரியைப் பிடித்துக் குனியவைத்து அவனையும் பார்க்கவைத்தார்.

வண்டியை வெளியே இழுத்த பிறகுதான் மனைவி கடைக்குள்ளிருந்து வந்தாள். அவள் கண்டது முறிந்த பலகையை மட்டும். கணவரைக் கேட்கவில்லை, கேட்டால் ஒன்றுக்குப் பத்து அடுப்பைத் தாங்கியது என்பார். தம்பியைத்தான் கேட்டாள், வளைந்ததா என்று. அந்த வாயை மெக்கானிக் இவ்வளவு மரியாதையோடு பார்த்தது அதுவரை இல்லை. ஷெட்டே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சினன் முறிந்த பலகையைக் காலால் ஒதுக்கினான்.

"பள்ளத்து மேல பாலமாட்டம் நின்னுச்சுக்கா. நான் மேலதான் இருந்தேன். ஒரு நூல்கூட வளையலை."