லைசென்ஸ் யார் பேரில்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்தவளுக்குத் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி கண்ணில் பட்டது. சிஸ்டத்தை ஆக்டிவேட் செய்யவும் என்றது முதல் வரி. அதற்கு செட்டிங்ஸுக்குப் போகவும் என்றது இரண்டாவது. மூலையில்தானே கிடக்கிறது, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று வேலைக்கான மென்பொருளைத் தட்டினாள். அது பாதி திறந்து, இந்தக் கணினியில் உரிமம் சரிபார்க்கப்படவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் தொழில். எல்லாம் இன்ஷூரன்ஸ் விசாரணைகள். லாரி எந்தப் பக்கம் வந்தது, பிரேக்கை எப்போது மிதித்தீர்கள், அப்போது மழை பெய்ததா. ஏஜென்சி அனுப்பும். அவள் காதில் மாட்டிக்கொண்டு இருமல், பெருமூச்சு உட்படத் தட்டித் தருவாள். அன்று மாலை ஏழு மணிக்குள் நாற்பது நிமிடப் பதிவு ஒன்று போயாக வேண்டும். நாற்பது நிமிடத்தைத் தட்ட அவளுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஏஜென்சியின் மென்பொருள் இல்லாமல் அந்தப் பதிவைத் திறக்கக்கூட முடியாது.

தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி பஸ் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பத்து நாளுக்கு முன் தம்ளர் கவிழ்ந்து லேப்டாப்புக்குள் தண்ணீர் போனது. ரிப்பேர் கடையில் மதர்போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த லேப்டாப் தத்தக்கா பித்தக்கா என்று ஓடியது. "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டா பறக்கும்" என்று நேற்று மாலை பென்டிரைவோடு வந்து உட்கார்ந்தவன் அவன்தான்.

"அந்த ரெண்டு வரியா? அதைக் கண்டுக்காதக்கா. எங்க டெப்போ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மூணு வருஷமா இருக்கு."

"என் வேலை சாஃப்ட்வேர் கண்டுக்குதேடா."

"அப்படியா?" என்றான். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. "பஸ் எடுக்கணும்க்கா, பதினோரு மணிக்கு வரேன்."

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. திரை காட்டிய உதவி எண்ணைக் கூப்பிட்டாள். மனிதக் குரல் இல்லை, எந்திரக் குரல். திரையிலுள்ள எண்களைக் கட்டம் கட்டமாக அழுத்தச் சொன்னது. ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஏழு எண். ஆறாவது கட்டத்தில் விரல் பிசகி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அறுபத்து மூன்று எண்ணையும் அழுத்தி முடித்த பிறகு அந்தக் குரல் கொஞ்சமும் களைப்பில்லாமல், மன்னிக்கவும், உங்கள் உரிமத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றது.

போர்டு மாற்றிய கடைக்காரர் கொஞ்சம் மனசு வைத்துப் பேசினார்.

"மேடம், போர்டை மாத்திட்டா சிஸ்டம் அதைப் புது மெஷின்னு நினைச்சுக்கும். லைசென்ஸ் யாரோட அக்கவுண்ட்ல இருக்கோ அவங்க உள்ள வந்து, இது அதே பழைய மெஷின்தான்னு சொல்லணும். சொல்லிட்டா முடிஞ்சுது. அப்புறம், உங்க தம்பி எந்த எடிஷன் போட்டாரு? உங்களுது வீட்டு எடிஷன்."

தம்பி போட்டிருந்தது ஆபீஸ் எடிஷன். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று போட்டானாம். பதினோரு மணிக்கு வந்து, முகம் தொங்கிப்போய், சரியானதை முதலிலிருந்து போட்டான். சதவீத எண் நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முப்பத்தேழில் இருபது நிமிடம் நின்றது. அவள் மேசையில் தலை சாய்த்தாள். தம்பி நிற்கவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் கிடந்தான்.

"அக்கா, லைசென்ஸ் யார் அக்கவுண்ட்ல இருக்கு?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "யார் வாங்கிக் குடுத்தாரோ அவர் அக்கவுண்ட்லதான்."

தம்பி மீதியை முடித்து, ஏஜென்சி மென்பொருளையும் திரும்ப ஏற்றினான். ஒன்றேகாலுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டான்.

அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடத்துக்கு முன் தூரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போனார். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று அவள் இங்கேயே நின்றுவிட்டாள். அப்பாவுக்குக் கொஞ்சம் தேறட்டும், வருகிறேன் என்று இவள் சொன்னாள். லீவு கிடைக்கட்டும், வந்து கூட்டிப்போகிறேன் என்று அவர் சொன்னார். சொல்லிச் சொல்லியே பேச்சு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, ஒரு நாள் அதுவும் இல்லாமல் போனது. சண்டை என்று ஒன்று நடந்திருந்தாலாவது சமாதானம் பேச ஒரு இடம் இருந்திருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்துபோனார். கணவருக்குச் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் அவள்தான் சொன்னாள். சொன்னால் வந்து நிற்பார். இனி உனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தாங்கும் தெம்பு அப்போது அவளிடம் இல்லை. பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடப் போட, சொல்ல முடியாத விஷயமாகவே அது ஆகிவிட்டது.

ஒன்றரை மணிக்குக் கணவர் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ஹலோ? என்ன ஆச்சு?"

இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டால் ஏதோ ஆகித்தான் இருக்க வேண்டும் என்ற பதற்றம் குரலில் இருந்தது. அவள் அவசரமாக, "ஒண்ணும் இல்ல, லேப்டாப்" என்றாள்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. பத்து வருடம் வாய் நிறைய 'நீங்க' என்று கூப்பிட்ட மனிதரை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அந்தச் சொல்லையே தொடாமல், "அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டு இருந்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்று ஓரமாகவே நடந்து முடித்தாள்.

"பாஸ்வேர்டா?" என்றார். "அதைப் போட்டு வருஷக்கணக்காச்சே. ஃபோன்ல தானா திறந்துக்குது. இரு, மாத்திப் பாக்கறேன்." சற்று நேரம் தட்டும் சத்தம். "ஒரு எண்ணுக்குக் கோட் அனுப்புறேங்குது. கடைசி ரெண்டு இலக்கம் நாலு ஒண்ணு. என் நம்பர் இல்லையே அது."

அவள் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. அது அவளுடைய எண்.

"எனக்கு வந்திருக்கு" என்றாள்.

"படி."

படித்தாள். அவர் புதுப் பாஸ்வேர்டு போட்டு, எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவள் லேப்டாப்பில் அடித்தாள். இப்போது லேப்டாப் அவருடைய ஃபோனுக்கு ஒரு கோட் அனுப்புவதாகச் சொன்னது. அதற்குள் யாரோ அவரைக் கத்திக் கூப்பிட, லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும், உள்ளே சிக்னல் வராது, அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அரை மணி முக்கால் மணியானது. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. அனுப்பிய கோட் காலாவதியானது. இரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"மறுபடி அனுப்பு."

அனுப்பினாள். சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் அவர் கேட்டார்.

"மாமா எப்படி இருக்காரு?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரையில் ஆறு காலிக் கட்டங்கள். அவற்றை நிரப்ப வேண்டிய எண்கள் அவர் கையில் இருந்தன. இப்போது சொன்னால் அழுவார், அல்லது கோபப்படுவார். எதுவானாலும் இந்தக் கோட்டும் போய்விடும், வேலையும் போய்விடும்.

"இருக்காரு" என்றாள்.

"கண்ணு சரியா தெரியுதா? சொட்டு மருந்தை விடாம போடச் சொல்லு. அவருக்குச் சோம்பேறித்தனம்." உடனே, "ஆ, வந்துடுச்சு. எட்டு, பூஜ்யம், மூணு..."

ஆறு எண்களையும் அடித்தாள். அந்த அக்கவுண்டில் இருக்கும் சாதனங்களின் பட்டியல் விரிந்தது. நான்காவதாக அவள் லேப்டாப். இப்போது நான் பயன்படுத்துவது இதைத்தான் என்ற கட்டத்தில் டிக் போட்டு அழுத்தினாள். மூலையில் இருந்த இரண்டு வரியும் சத்தமில்லாமல் மறைந்தன.

"ஆச்சு" என்றாள். "ரொம்ப தேங்க்ஸ்."

"சரி, சரி. வேலையப் பாரு."

மூன்று மணி ஐந்து நிமிடம். மென்பொருள் திறந்தது. காதில் மாட்டினாள். விசாரணை அதிகாரி பெயர், வயது கேட்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம் தட்டியிருப்பாள். திரையின் ஓரத்தில் ஏதோ இறங்கிக்கொண்டிருப்பதாக ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது. அவருடைய அக்கவுண்ட் உள்ளே இருந்ததால், அவர் அதில் சேமித்து வைத்த கோப்புகள் தாமாக இந்த லேப்டாப்புக்கு வந்துகொண்டிருந்தன. நிறுத்தலாம் என்று திறந்தாள். டியூட்டி அட்டவணைகள், லிஃப்ட் வரைபடங்கள், சம்பளச் சீட்டுகள். பிறர் பெட்டியைக் குடைவதுபோல் கூச்சமாக இருந்தது. மூடப் போனவள், 'மாமா' என்றிருந்த ஒரு ஃபோல்டரைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

உள்ளே அப்பாவின் கண் ஆபரேஷன் காகிதங்கள். ஒவ்வொன்றையும் நேராக வைத்துக் கணவர் படமெடுத்திருந்தார். மருந்துச் சீட்டு, கண்ணாடி அளவு, அடுத்து எப்போது காட்ட வேண்டும் என்ற தேதிகள். கடைசியில் ஒரு படம். ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பா, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. கணவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன் நடந்த ஆபரேஷன் அது. அன்று இவளுக்கு வேலை நெருக்கடி. அவரைக் கூட்டிக்கொண்டு போனவர் இந்த மருமகன்தான்.

காதில் அதிகாரி, நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பதிவை நிறுத்தினாள். ஏழு மணிக்குப் பிறகு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனசு வழக்கம்போல் கணக்குப் போட்டது. அதைக் கேட்கவே அலுப்பாக இருந்தது. ஃபோனை எடுத்தாள்.

"மறுபடி போயிடுச்சா?" என்றார் எடுத்ததும்.

"இல்ல, வேலை செய்யுது. நான் பொய் சொன்னேன். அப்பா இல்ல. போய் எட்டு மாசம் ஆச்சு."

எதிர்முனையில் இரும்பு மேல் இரும்பு உரசும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் தேய்ந்தது. எங்கோ தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும்.

"எட்டு மாசமா?"

"ம்."

"கோட் குடுக்க மாட்டேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"அது சரி, இன்னிக்கு. எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வருவீங்க." நீங்க என்ற சொல் அவளறியாமல் வந்து விழுந்தது. "வந்தா என்னைக் கூப்பிடுவீங்க. வரமாட்டேன்னு சொல்றதுக்கு எங்கிட்ட வேற காரணம் இல்ல. அப்பாவத்தான் காரணமா வெச்சிருந்தேன்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"நானும் அவரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார் மெதுவாக. "இங்க யாராவது கேட்டா, வயசான மாமனார் இருக்காரு, அதான் அவ வரலன்னு சொல்லுவேன். லீவு எத்தனையோ தடவை கிடைச்சுது. நான் வரல."

நான்கு வருடமாக இருவரும் ஒரே ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அந்த மனிதரோ கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு, மருமகன் எப்போது வருவான் என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கேட்டாரா?" என்றார்.

"கேட்டாரு. ரெண்டு மூணு தடவை."

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. அவள் வைக்காமல் காத்திருந்தாள். பிறகு அவர், எப்படி நடந்தது, ஒன்று விடாமல் சொல்லு என்றார். அவள் சொன்னாள். விடியற்காலையில் தண்ணீர் கேட்டது, நெஞ்சைத் தடவிவிட்டது, தம்பி பஸ்ஸை நடுவழியில் வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தது, அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்த எட்டு மாதத்தில் யாரிடமும் அவள் இதை முழுசாகச் சொன்னதில்லை. தம்பியிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதோடு சரி. மற்றவர்கள் கேட்கவில்லை.

"அடுத்த மாசம் ஒரு நாள் வரேன்" என்றார் கடைசியில். "உன்னைக் கூப்பிட இல்ல. அவர் இருந்த வீட்டைப் பாத்துட்டு, தம்பியப் பாத்துட்டு, நாம உக்காந்து பேசி, பிரியறதுக்கு எழுத வேண்டியத எழுதிக்குவோம். இப்படியே இழுத்துக்கிட்டு இருக்கறது உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

"வாங்க" என்றாள். "அந்த அக்கவுண்டை இதுலேருந்து எடுத்துடறேன். உங்க ஃபைல் எல்லாம் இங்க வருது."

"எடுத்துடு. லைசென்ஸ் போயிடாதுல்ல?"

"போகாதாம். கடைக்காரர் சொன்னாரு."

நாலேகால் ஆகியிருந்தது. ஏஜென்சிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு எழுதினாள். சரி என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அப்பாவின் படத்தை மட்டும் தன் பக்கம் நகல் எடுத்துக்கொண்டு, அவருடைய அக்கவுண்டை நீக்கினாள். நீக்கவா என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றாள். பிறகு முகம் கழுவி வந்து, காதில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.