அன்னபேதியும் தேத்தண்ணியும்

கந்தப்பளைக்கு மேலே நான் வேலை பார்த்த தோட்டத்தில் என்னை எல்லோரும் டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை. ஞானரட்ணம், தோட்டத்து டிஸ்பென்சர். பரீட்சை எழுதி மருந்து கலக்கப் படித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் எழுநூறு பேரின் காய்ச்சலும் கழிச்சலும் என் தலையில்தான் விடியும். ஐம்பத்தாறாம் வருடம் அந்த எழுநூறு பேரில் ஒருத்தி என் உயிரை வாங்கினாள். பெயர் பூரணி.

பூரணி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அப்போது ஐந்து மாதம். நான் அந்தத் தோட்டத்துக்கு வருமுன் நடந்த முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. இவளும் அரை நாள் இரத்தம் போய், போகிற உயிரைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவள். அதனால் மருத்துவிச்சி மரியநாயகி இம்முறை முன்கூட்டியே அவளை என்னிடம் இழுத்து வந்துவிட்டாள்.

விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் வாங்கி, ஒரு சின்னப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சிவப்புப் பட்டைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். திடமான இரத்தம் நூறாம் பட்டைக்குப் பக்கத்தில் நிற்கும். பூரணியுடையது நாற்பதில் நின்றது. அதை இரத்தம் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

"போன தடவை போனதுல பாதி போனாலும் நீ இருக்க மாட்ட பூரணி," என்றேன். இப்படிப்பட்ட விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. "பிரசவத்துக்குள்ள அறுபதுக்காவது ஏறணும்."

"ஏத்திருங்கய்யா. இந்தப் புள்ளைய நான் பார்க்கணும்," என்றாள்.

நுவரெலியா ஆஸ்பத்திரி இருக்கிறதுதான். மழையில் மண் சரிந்தால் எங்கள் பாதையில் லொறியே போகாது. ஏற வேண்டியது இங்கேயே ஏறினால்தான் உண்டு. முதலில் குடலில் கிடந்து இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவை மருந்து கொடுத்து விரட்டினேன். அடுத்தது இரும்பு.

இரத்தத்தின் சிவப்பே இரும்பால் வருவதுதான். மூச்சில் இழுக்கும் காற்றை உடம்பெல்லாம் சுமந்து போவது அந்தச் சிவப்பு. மலையில் பறித்த கொழுந்தைத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குச் சுமக்க ஆள் வேண்டாமா? ஆள் இல்லாவிட்டால் கொழுந்து மலையிலேயே வாடும். இதைப் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, நூறு தடவை தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் மாடு மாதிரித் தலையாட்டுவார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று ஒரு பச்சை உப்பு விற்பார்களே, அதுதான் இரும்பு உப்பு. அதைக் கரைத்து ஒரு போத்தல் கொடுத்தேன். வேளைக்கு ஒரு அவுன்ஸ், நாளைக்கு மூன்று வேளை.

ஒரு மாதம் கழித்துக் குத்தினேன். நாற்பது.

"மருந்து குடிச்சியா?"

"குடிச்சேங்கய்யா."

"தாள் பொய் சொல்லாது பூரணி."

"நானும் சொல்லலைங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. இன்னொரு போத்தல் கொடுத்து, அன்று மாலையே அவளுடைய லயத்து வீட்டுக்கு நடந்தேன். கணவன் செல்லசாமி, அவள் குடிப்பதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தான். கண்டவன் முகமாக இல்லை, பயந்தவன் முகமாக இருந்தது. மாமியார் அம்மாக்கண்ணு முற்றத்தில் பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மருந்தையும் இதுக்குத்தான் ஊத்துறீங்களோ?" என்றேன்.

"ஊத்தியிருந்தா பூசணியாவது செவந்திருக்குமே," என்றாள் கிழவி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அடுத்த மாதமும் நாற்பது. ஏழு மாதம் முடிந்துவிட்டது. நான் இரவு பகலாகப் படித்த படிப்பு, கலக்கிய மருந்து, கத்திய கத்தல் எல்லாம் எந்தச் சாக்கடைக் கானில் ஓடுகிறது என்று தெரியவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அத்தனை பெண்கள் முன்னால் கேட்டுவிட்டேன்.

"பொய்க்காரி. சாகணும்னா தனியா சாவு, அந்தப் பிள்ளைய ஏன் சேர்த்துக்கிற?"

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அழாதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மறுநாளிலிருந்து பகல் வேளை மருந்தை என் கண் முன்னால்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு மரியநாயகியோடு வந்தாள். படங்குச் சாக்கு இடுப்பில் கட்டியபடி, கையில் ஒரு தகரக் கோப்பை. மலைக்குக் கொண்டுபோகும், பால் சேர்க்காத தேத்தண்ணிப் போத்தலும் இருந்தது. நான் ஒரு அவுன்ஸ் அளந்து கொடுத்தேன். அவள் தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றினாள், மருந்தை அதன்மேல் ஊற்றினாள். செம்பட்டையாக இருந்த தேத்தண்ணி கண்ணெதிரே கன்னங்கரேலென்று ஆனது.

"நில்லு. என்ன இது?"

"மருந்துங்கய்யா."

"இது ஏன் கறுத்துச்சு?"

"மருந்து எப்பவும் கறுப்பாத்தானேங்கய்யா ஆகும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"தேத்தண்ணியில ஊத்தச் சொன்னது யாரு?"

பூரணி மரியநாயகியைப் பார்த்தாள். மரியநாயகி தரையைப் பார்த்தாள். பிறகு மரியநாயகி மேசையிலிருந்த போத்தலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டை எனக்கு முன்னால் திருப்பி வைத்தாள். என் கையெழுத்து. ஒரு அவுன்ஸ், மூன்று வேளை, தேத்தண்ணியில் கலந்து பருகவும்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு போத்தலிலும் அதை எழுதி ஒட்டியவன் நான். துருவை நக்கின மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது என்று ஆளுக்கு ஆள் வந்து முறையிட்டார்கள். தொல்லை விட்டால் போதுமென்று, தேத்தண்ணியில் கலந்து குடியுங்கள் என்று பெரட்டுக்களத்திலேயே சொல்லிவிட்டேன். போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கலந்தால் என்ன ஆகிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவன்தான் நான். கடுக்காயின் துவர்ப்புதான் தேயிலையிலும் இருக்கிறது. அந்தத் துவர்ப்பு இரும்பைக் கண்டதும் கட்டிப்பிடித்துக் கறுத்துப்போகும். கட்டுண்ட இரும்பு குடலுக்குள் போயும் இரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். இரும்பு உப்பைத் துவர்ப்போடு சேர்க்கலாகாது என்பது பரீட்சையில் வந்த கேள்வி. முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். வாங்கி என்ன? இரண்டு மாதமாக ஒரு வாயும் வயிறுமான பெண்ணுக்கு நாளைக்கு மூன்று வேளை மை குடிக்கக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்பு போத்தல் வாங்கிப்போன பெண்களை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

கோப்பையை வாங்கி ஜன்னல் வழியே கொட்டினேன். வேறு ஒரு அவுன்ஸ் அளந்து, தண்ணீரில் கலந்து கொடுத்தேன். குமட்டிக்கொண்டே குடித்தாள்.

"மருந்துக்கு முன்னால ஒரு மணித்தியாலம், பின்னால ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி தொடக் கூடாது," என்றேன்.

மறுநாள் காலை பனியில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். மருந்தைத் தேத்தண்ணியில் கலக்கச் சொன்னது என் பிழை, இனி தண்ணீரில்தான் குடிக்க வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பும்போது பெண்கள் வரிசையிலிருந்து பூரணியின் குரல் வந்தது.

"ஒண்ணு விட்டுட்டீங்கய்யா."

"என்ன?"

"நான் பொய் சொல்லலைன்னு."

தோட்டத்துத் துரை குதிரையில் உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூரணி பொய் சொல்லல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்," என்றேன்.

அவள் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

மூன்று வாரத்தில் தாள் ஐம்பது காட்டியது. ஏழாவது வாரம் அறுபத்தைந்து. அந்த அறுபத்தைந்தைப் பூரணி தன் கையாலேயே புத்தகத்தில் வைத்துப் பார்த்தாள். என் வார்த்தையை மட்டும் அவள் நம்பிவிடவில்லை, அது நியாயம்தான்.

பிரசவம் ஒரு மழைநாள் மத்தியானம். பாதை மூடிக் கிடந்தது. நான் டிஸ்பென்சரியில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த அளவுக் குவளைகளை இன்னொரு முறை கழுவிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குச் செல்லசாமி நனைந்து ஓடிவந்தான்.

"பொம்பளப் புள்ளைங்கய்யா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ரத்தம் கொஞ்சந்தான் போச்சாம், நாயகியம்மா சொல்லச் சொன்னாங்க."

கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தேன். அவன் போகாமல் வாசலிலேயே நின்றான்.

"வேற என்ன?"

"காலையிலிருந்து நாக்கு வறண்டு கெடக்கு. அம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க, அவ வாங்க மாட்டேங்கிறா. மருந்து குடிச்சு இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகல, டாக்டரய்யாகிட்ட கேட்டுட்டு வான்னு அனுப்பிட்டா."

அந்தத் தோட்டத்தில் எழுநூறு பேரில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்றேன்.

இன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று நானே சொல்ல, மழையில் செல்லசாமிக்கு முன்னால் லயத்துக்கு ஓடினேன்.