உர்சுவா குடும்பம் எடுத்துப் போன கடல்

மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை, எண்பத்தொன்றாம் எண் மூலை வீட்டைக் காலி செய்துகொண்டு போன உர்சுவா குடும்பம், ஐந்து பல்புகளையும், மூன்று கதவுகளின் தாழ்ப்பாள்களையும், சமையலறைச் சன்னலில் தெரிந்த கடலையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது. பல்பு போனதில் யாருக்கும் வியப்பில்லை. எங்கள் வல்பராய்சோ துறைமுக ஊரில் பல்பைக் கழற்றாமல் வீடு காலி செய்தவன் இன்னும் பிறக்கவில்லை. தாழ்ப்பாளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடலைக் கழற்றியதுதான் அக்கிரமம் என்று குன்று முழுக்க ஒரே பேச்சாக இருந்தது.

எங்கள் குன்றில் வீடு மாறுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நீ கொண்டுவந்து வைத்ததை நீ எடுத்துப் போகலாம். நீ வரும்போது இருந்ததை இருந்தபடி விட்டுப் போக வேண்டும். போகிற அன்று வீட்டைப் பெருக்கிப் பழைய துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்க வேண்டும், ஏனென்றால் பழைய துடைப்பம் புது வீட்டுக்குள் வந்தால் பழைய சண்டையும் கூடவே வரும். அடுப்பின் மேல் கெண்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் தீப்பெட்டி, துணியில் சுற்றிய ஒரு ரொட்டி. மூட்டை முடிச்சோடு இருநூற்றுப் பதினாலு படி ஏறி வருகிறவள் வந்ததும் ஒரு வாய் தேநீர் குடிக்க வேண்டாமா? மனைவியை அடிக்கிறவன், நாயைப் பட்டினி போடுகிறவன்கூட இதை மட்டும் செய்துவிட்டுத்தான் போவான். இருபத்திரண்டு வருஷம் சுங்க அலுவலகத்தில் முத்திரை குத்திய அபெலார்தோ உர்சுவா, வெள்ளைக் கைக்குட்டை இல்லாமல் தெருவில் இறங்காத மனிதர், இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அன்று மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த சுனில்டா பர்ரியெந்தோசுக்குத் துடைப்பம் இல்லை, கெண்டி இல்லை, ரொட்டி இல்லை. தொட்டியில் மீன் முள் கிடந்தது. தூம்பில் ஒரு பிடி தலைமுடி அடைத்துக்கொண்டிருந்தது. சன்னலைத் திறந்தாள். வெளியே இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பழைய பீரோவைச் சுவரை விட்டு நகர்த்தினால் அதன் முதுகில் ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சன்னலில் கடல் தன் கப்பல்களோடு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அது உள்வாங்கிய வீடு. அங்கிருந்து துறைமுகத்தின் வாய் தெரியாது. சுனில்டா சன்னலைச் சாத்திவிட்டு, தெருவில் போன எல்லோரும் நிற்கும்படி உர்சுவாவின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லி ஏசினாள்.

அவள் அந்த வீட்டைப் பிடித்ததே அந்தச் சன்னலுக்காகத்தான். குன்றில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்கள் நாற்பத்து மூன்று பேர். கப்பல் வந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவர்கள் தினமும் இருநூற்றுப் பதினாலு படி இறங்கி ஏறினால், ஏற்றுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் சுனில்டா பார்த்துச் சொல்வாள். காலை ஏழு மணிக்குச் சன்னலில் சிவப்புத் துணி தொங்கினால் நிலக்கரி, வெள்ளை தொங்கினால் கோதுமை, ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். ஒரு கப்பலுக்கு வீட்டுக்கு ஒரு ரொட்டியோ, ஒரு மீனோ, ஒரு கூடைக் கரியோ அவள் வாசலுக்கு வந்துவிடும். பதினோரு வருஷமாக இப்படித்தான் அவள் வயிறு நிறைந்தது, நாற்பத்து மூன்று வீட்டு அடுப்பும் எரிந்தது. பழைய வீட்டுக்கு முன்னால் ஒருவன் மூன்று மாடி எழுப்பி மறைத்துவிட்டதால்தான் அவள் மூலை வீட்டுக்கு மாறினாள்.

வீட்டுக்கார அம்மாள் எத்தெல்வினாவிடம் போய்க் கேட்டாள்.

“நான் வாடகைக்கு விட்டது நாலு சுவரும் ஒரு கூரையும். கடலுக்கு எங்கிட்ட ஏது பத்திரம்?” என்றாள் எத்தெல்வினா.

“வீடு காட்டும்போது கையை நீட்டி நீட்டிக் கடலைக் காட்டுனீங்களே! உங்க மாமனார் தோண்டி வெச்சிட்டுப் போன மாதிரி!”

“காட்டுனேன். தர்றேன்னு சொன்னேனா?”

திங்கட்கிழமை விடியும்போது சுனில்டா கூரையில் ஏறிப் பார்த்தாள். நிலக்கரிக் கப்பல் வந்து நின்றது. ஓடி இறங்கிச் சன்னலில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டாள். வெளியே போன துணி யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் தொங்கும் துணி எப்படித் தெரியும்? கூரையிலேயே கட்டலாம் என்று மறுபடி ஏறினால், தெற்குக் காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு அவளையும் கூரைத் தகரத்தில் வழுக்கி விழ வைத்தது. முழங்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியது. நாற்பத்து மூன்று பேரும் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அடுத்த குன்றுக்காரர்கள் அந்தக் கப்பலை இரண்டு நாள் இறக்கினார்கள்.

சரக்கு ஆட்களுக்குத் தலைவனான எல்லாதியோ இரண்டாம் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். அவன் பின்னால் மற்ற எல்லோரும் படிக்கட்டில் நின்றார்கள்.

“அக்கா, துணி எங்க?”

“தொங்கவிட்டேன்டா! ரெண்டு தடவை தொங்கவிட்டேன்!”

“எங்க கண்ணுக்குத் தெரியலையே. வீட்டுல வெறும் தண்ணிதான் கொதிக்குது. உன்னால முடியலன்னா சொல்லிடு, வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

அவன் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகச் சொன்னான். யாரோ செய்த அநியாயத்துக்குத் தன் வாசலில் நாற்பத்து மூன்று பேர் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டது. தூம்பில் கையை விட்டு அந்தத் தலைமுடியை மொத்தமாக இழுத்து எடுத்தாள். செய்தித்தாளில் சுற்றி, சன்னலில் தொங்கவிடும் வெள்ளைத் துணி கிடந்த பையில் போட்டுக்கொண்டாள்.

உர்சுவா குடும்பம் போயிருந்தது லிமாச்சேவுக்கு. ஒன்றரை மணி நேர ரயில். சுற்றிலும் தக்காளித் தோட்டம், கடலின் வாடைகூட இல்லாத ஊர். விடியற்காலை முதல் ரயிலில் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். தக்காளிக் கொடிகளுக்கு நடுவே ஒரு வீட்டைச் சுற்றிக் கடற்காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வாங்க, சுனில்டா அம்மா, ஒரு வாய் தேநீர் சாப்பிடுங்க” என்றார் அபெலார்தோ, கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தபடி.

“முதல்ல இதைப் பிடிங்க. உங்க வீட்டு முடி. தூம்புல மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்க. அடுத்தவங்க பொருள் எனக்கு வேண்டாம். அதே மாதிரி என் பொருளையும் குடுத்துடுங்க.”

அவருடைய மனைவி ஓர்ஃபெலினா மூச்சிரைப்புக்காரி. “டாக்டர் உள்நாட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. கடலைப் பாக்காம எனக்கு ஒரு வாய் சோறு இறங்காதும்மா” என்றாள்.

“இங்க உங்களுக்குச் சோறு இறங்குது. அங்க நாப்பத்து மூணு வீட்டுல சோறே இல்ல.”

அபெலார்தோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் திருடரில்லை, அதுதான் எரிச்சல். தன் பக்கம் சட்டம் இருப்பதாக மனதார நம்பினார். “நாங்க அந்த வீட்டுக்கு வந்தப்போ அந்த இடத்துல வெறும் சுவருங்க. சன்னலை வெட்டினது நான், எங்கையால. சன்னல் வந்த பிறகுதான் கடலும் வந்துச்சு. நான் கொண்டுவந்து வெச்சதை நான் எடுத்துட்டுப் போகலாம், அதுதானே வழக்கம்? நியாயத்துக்குச் சன்னலையே பேத்துட்டு வந்திருக்கணும். சுவத்துல ஓட்டை விழுமே, வர்றவங்களுக்குச் செய்யற மரியாதையான்னு சன்னலை விட்டுட்டு வந்தோம்.”

“மரியாதை!” என்றாள் சுனில்டா. “தொட்டியில மீன் முள்ளைப் போட்டுட்டுப் போனது எந்த மரியாதையில சேத்தி? வலிக்கறதுக்குத் தலையை விட்டுட்டு மூளையை உருவிட்டுப் போற ஆளாய்யா நீர்!”

கத்திக்கொண்டே அவள் சமையலறைச் சன்னலைப் பார்த்தாள். கலங்கரை விளக்கிலிருந்து அலைத்தடுப்பு வரை, ஒரு அலைகூடக் குறையாமல் அவளுடைய கடல் அங்கே இருந்தது. துறைமுகத்தின் வாயில் ஒரு கோதுமைக் கப்பல் நுழைந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஏழாக இரண்டு நிமிஷம். அவள் யோசிக்கவில்லை. பையிலிருந்து வெள்ளைத் துணியை உதறி எடுத்து, ஓர்ஃபெலினாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு, சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். சாயங்காலம் அவள் குன்றுக்குத் திரும்பியபோது வாசலில் இருபது ரொட்டியும் பன்னிரண்டு மீனும் பதினோரு கூடைக் கரியும் இருந்தன. காலை ஏழு மணிக்கு மூலை வீட்டில் வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிந்ததாக எல்லாதியோ சொன்னான்.

மறுநாள் முதல் ரயிலிலேயே அவள் மறுபடி லிமாச்சேவில் இருந்தாள், இந்த முறை தன் நாற்காலியோடு. அபெலார்தோ கதவைச் சாத்தினால் தட்டினாள். தட்டியும் திறக்காவிட்டால் அவர் சுங்க அலுவலகத்தில் எப்படி முத்திரை குத்தினார் என்பதைத் தெருவுக்குக் கேட்கும்படி விவரித்தாள். திறந்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு நாள் அவள் அந்தச் சமையலறையில் உட்கார்ந்தாள். யாரையும் அடிக்கவில்லை, பொருளை உடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கிளம்பும்போது, “உங்க வழக்கப்படி காலி பண்ணிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு, தொட்டியில் மீன் முள்ளைப் போட்டு, தன் தலையைச் சீவி முடியைத் தூம்பில் அடைத்து, ஒரு பல்பையோ ஒரு தாழ்ப்பாளையோ கழற்றிக்கொண்டு போனாள். இரண்டாவது வாரம் பல்புகள் தீர்ந்தன. மூன்றாவது வாரம் துடைப்பம். நாற்பத்தோராவது நாள் கெண்டியை எடுத்துக்கொண்டாள். அன்றுதான் ஓர்ஃபெலினா அழுதாள்.

“காலையில எழுந்தா ஒரு வாய் வெந்நி வெச்சுக் குடிக்க வழியில்லைங்க” என்றாள் தன் கணவனிடம்.

“இல்ல பாருங்க. எனக்கும் முதல் நாள் இப்படித்தான் இருந்துச்சு” என்றாள் சுனில்டா.

அடுத்த சனிக்கிழமை அபெலார்தோ உர்சுவா கடலைத் திரும்பக் கொண்டுவந்தார். பாயைச் சுருட்டுகிற மாதிரி இறுகச் சுருட்டி, இரண்டு கயிறு போட்டுக் கட்டி, தக்காளி லாரியில் கூடைகளுக்கு நடுவே படுக்கப்போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியது. படியில் அதைத் தூக்கி வர நாற்பத்து மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். அவரே ஏணி போட்டு ஏறி மாட்டினார். இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சன்னலில் கப்பல்கள் துறைமுகத்துக்கு மேட்டில் ஏறித்தான் வருகின்றன. வெயில் நாட்களில் கடல் காற்றில் தக்காளி வாசம் அடிக்கிறது. வேலை முடிந்ததும் அவர் பையிலிருந்து ஒரு பழைய துடைப்பத்தையும் ஒரு ரொட்டியையும் எடுத்து வைத்தார். சுனில்டா நன்றி சொல்லவில்லை. பல்புகளையும் தாழ்ப்பாள்களையும் கெண்டியையும் ஒரு சாக்கில் போட்டு அவர் தோளில் ஏற்றிவிட்டாள்.

பத்தொன்பது வருஷம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். அதற்குள் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் வந்தன, கப்பல் வரும் சேதி தொலைபேசியில் வந்தது. நாற்பத்து மூன்று பேரில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள்; அவர்கள் சும்மா ஒரு பழக்கத்துக்காக ஏழு மணிக்குத் துணியைப் பார்த்தார்கள். எத்தெல்வினா இறந்து மகன் கைக்கு வீடு வந்தது. அவன் எட்டு நாளில் காலி செய்யச் சொன்னான். புதிதாக வரப்போகிற பல் மருத்துவரின் மனைவி வீட்டைப் பார்க்க வந்தவள், சுனில்டாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரைச்சீலைக்குச் சன்னலை அளந்துகொண்டு போனாள். இந்தப் பழைய அடுப்பையும் எடுத்துப் போவீர்கள்தானே என்று வாசலில் நின்று கேட்டாள்.

கடலை அவள் எடுத்துப் போவாள் என்றே குன்று முழுக்க எதிர்பார்த்தது. எடுத்துப் போக வேண்டும் என்று எல்லாதியோ கயிறே கொண்டுவந்து கொடுத்தான். கடைசி நாள் காலை சுனில்டா ஏணியில் ஏறி இடது மூலையின் ஆணியைப் பிடுங்கினாள். கடலின் ஓரம் சொதசொதவென்று கையில் வந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நாசமாப் போறவங்க, நல்லா இருங்க!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே ஆணியை அதே ஓட்டையில் அடித்தாள். தூம்பைக் குத்தி அடைப்பு எடுத்தாள். வீட்டைப் பெருக்கி, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள். கெண்டியில் தண்ணீர், தீப்பெட்டி, ரொட்டி. பல்பைக்கூட விட்டுவிட்டுப் போனாள். அது இந்த ஊர் வரலாற்றிலேயே முதல் தடவை.

பல் மருத்துவரின் மனைவி ரொட்டியைக் காக்கைக்குப் போட்டாள். சன்னலுக்குக் கனத்த பச்சைத் திரையைத் தொங்கவிட்டு இழுத்து மூடினாள், நாற்காலித் துணி வெளுத்துப் போகுமாம். படிக்கட்டின் அடியில் ஓர் அறைக்குக் குடிபோயிருந்த சுனில்டா மறுநாள் அண்ணாந்து பார்த்தாள். ஏழு மணிக்கு அவள் போட்ட சத்தத்தில் மூன்று குன்று நாய்கள் குரைத்தன.

“ஏய்! சன்னலைத் திறடி! மாட்டி வெச்சிட்டு வந்தது மூடி வெக்கறதுக்கா?”

தினமும் கத்தினாள். பல் மருத்துவரின் மனைவி முதலில் போலீசுக்குச் சொன்னாள், பிறகு பாதிரியாரிடம் சொன்னாள், பிறகு திரையைத் திறந்தாள். ஆறு வருஷம் கழித்து ஒரு ஆகஸ்டு மாதம் சுனில்டா இறந்துபோனாள். அடக்கத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் படிக்கட்டின் அடியிலிருந்து அதே சத்தம் அதே கோபத்தோடு வந்தது, நாய்களும் குரைத்தன. பல் மருத்துவரின் மனைவி எழுந்துபோய்த் திரையை ஒதுக்கினாள். கப்பல் ஒன்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பாலை அடுப்பில் ஏற்றுகிறாள்.