பதிலி மணல்

“மணலுக்கு எப்பப்பா லீவு?”

என் மகள் நித்திலா நான்கு வயதில் இப்படிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்வது பாவம். ஆகவே ஒரு தபால் அட்டையில் கேள்வியை எழுதி, முகவரி எழுதாமல் பெட்டியில் போட்டேன்.

மூன்று வருடம் கழித்துப் பதில் வந்தது. மணலுக்கு வைகாசி இரண்டாவது வாரம் விடுப்பு. அந்த ஏழு நாளும் பதிலி மணல் பணியில் இருக்கும். பொதுமக்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கலாம். மணலுக்கு அப்பால் கடலும் உண்டு.

என் மனைவி வடிவு புளிச்சோறு கட்டினாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. கோடை விடுமுறைக்கு அங்கேயே போவது என்று முடிவானது.

பேருந்து எங்களைத் தேரியின் அடிவாரத்தில் இறக்கிவிட்டது. தேரி என்றால் செம்மணல் குன்று. எதிரே வானம் வரைக்கும் சிவப்பு. பனைமரங்கள் கழுத்து வரை புதைந்து, ஓலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்று வீசும்போது குன்று மெதுவாக மூச்சு விட்டது. 

அடிவாரத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இருநூறு ஜோடி இருக்கும். வடிவு தன் செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாங்களும் கழற்றினோம்.

தகரக் கொட்டகையில் ஒரு பெண் மைப்பெட்டியுடன் உட்கார்ந்திருந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார்.

“செருப்ப எதுக்குக் கழட்டுனிய?”

“எல்லாரும் கழட்டியிருக்காவளே,” என்றாள் வடிவு.

“மொத ஆளுக்கு வார் அறுந்து போச்சு. விட்டுட்டுப் போனாரு. அதப் பாத்து அடுத்த ஆளு சாமி இடம்னு நெனச்சாரு. அன்னையிலேருந்து இப்படித்தான்.”

“இப்பப் போட்டுக்கிடலாமா?”

“கும்புட்டாச்சுல்லா. இனி போடப்படாது.”

அவர் விதியை விளக்கினார். செருப்போடு போனால் செருப்பு நடந்ததாக எழுதுவார்கள். வெறுங்காலோடு போனால் நாம் நடந்ததாக எழுதுவார்கள். பதிலி மணலுக்கு அனுபவம் குறைவு. நிறைய மிதியைத் தாங்காது. அதனால் ஓர் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு காலடி.

“கடல் வரைக்கும் வருமா?” என்று கேட்டேன்.

“ஒழுங்கா நடந்தா வரும். மிச்சம் இருந்தா வீட்டுக்குக் கொண்டு போங்க. ஆடி பொறக்க வரைக்கும் அத வச்சுத்தான் நடக்கணும்.”

எங்கள் உள்ளங்கால்களை மைப்பெட்டியில் அழுத்தினார். கூச்சமாக இருந்தது. நித்திலா சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

எனக்கு எட்டி வைத்து நடப்பது பழக்கம். வடிவும் அளந்து வைத்தாள். நித்திலா ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள்.

“ஏ பிள்ள, ஓடாத! நடந்து வா!” என்று வடிவு கத்தினாள்.

ஏழு வயதுப் பிள்ளையிடம் சிவப்பு மணலைக் காட்டிவிட்டு ஓடாதே என்று சொல்வதில் நியாயம் இல்லை. 

ஒரு மேட்டின் உச்சியில் அவள் நின்றுவிட்டாள்.

“யப்பா, காலு வர மாட்டேங்கு.”

அவளைத் தூக்கிப் பார்த்தேன். மணலும் அவளோடு சேர்ந்து வந்தது. குன்று முழுவதும் ஒரு முழம் எழுந்தது. தூரத்தில் ஒரு பனை சாய்ந்து நிமிர்ந்தது. மெதுவாக இறக்கிவிட்டேன்.

“எங் கணக்குல கொஞ்சம் எடுத்துக்கோடி,” என்றாள் வடிவு.

கொட்டகை வெகு தூரத்தில் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் குரல் பக்கத்திலேயே கேட்டது.

“ஒரே ரேசன் கார்டுல உள்ளவங்களுக்குள்ள மாத்தப்படாது.”

வடிவு மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வெயில் சிவப்பாக இருந்தது. தண்ணீர் அரைப் பாட்டில்தான் இருந்தது.

அப்போது சரிவில் ஒரு கதவு ஏறி வந்தது. வேப்பமரக் கதவு. அதற்குக் கீழே ஒரு மனிதர் இருந்தார்.

“என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு அடி தீந்துட்டா?”

அவர் பெயர் சவரிராயன். வீடு கடற்கரையில். கதவு மழையில் உப்பிவிட்டதாம். இழைக்கக் கொண்டுபோய் மூன்று நாள் ஆகிவிட்டதாம்.

“அப்ப வீட்டுக்குக் கதவு?” என்று கேட்டேன்.

“எம் பொஞ்சாதி செலின்தான் கதவா நிக்கா. நாய் வருதுல்லா.”

அவர் கதவை மணலில் ஊன்றினார். நித்திலாவின் கால்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தன் உள்ளங்கால்களை மணலில் மூன்று முறை தேய்த்தார். அவள் பாதங்களை இரண்டு கைகளிலும் ஏந்திச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

“போ தாயி. இனி பைய நட.”

“அண்ணே, நீங்க எப்படிப் போவிய?” என்று கேட்டாள் வடிவு.

“எனக்கு என்ன? கதவு இருக்கு. சாஞ்சுகிடுதேன்.”

“எத்தன அடி குடுத்திய?”

“எண்ணிக் குடுத்தா அது குடுத்த மாதிரியா?” என்றார். “போங்க தங்கச்சி, பொழுது சாயுது. கடலு காத்துக்கிட்டு நிக்கும்.”

நித்திலா நடந்தாள். அவள் பாதம் சிறியது. ஆனால் மணலில் விழுந்த தடம் பெரியது. ஓர் ஆணுடைய தடம். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. அவள் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தாள். பிறகு ஒருமுறைகூட ஓடவில்லை.

மணல் ஓர் இடத்தில் முடிந்தது. அங்கே கடல் நின்றுகொண்டிருந்தது. படுத்திருக்கவில்லை. தேரியை விட உயரமாக, நீலமாக நின்றது. அலைகள் மேலே ஏறிப்போய் அங்கேயே இருந்தன. அதற்குள் மீன்கள் பறவைகள் போலக் கூட்டமாகத் திரும்பின. ஓசையே இல்லை.

“இம்புட்டா!” என்றாள் வடிவு. அவள் இரண்டு கைகளும் தானாகக் குவிந்தன. அப்புறம் கடல் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, எங்கள் கால்களை மட்டும் நனைத்தது.

இவ்வளவு பெரியது இவ்வளவு கவனமாக இருந்தது.

ஊர் திரும்பும் பேருந்து கரையிலேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வீடு. வாசலில் ஓர் அம்மாள் கைகளை நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார். வாசல் சரியாக அவர் அளவுக்கு இருந்தது.

“தண்ணி வேணுமா? உள்ள பானையில இருக்கு. மோந்து குடிங்க,” என்றார்.

அவர் ஒரு பக்கமாகத் திறந்தார். லேசாகக் கிரீச்சென்றது. நாங்கள் உள்ளே போய்க் குடித்தோம். வெளியே வந்ததும் மூடிக்கொண்டார்.

“வழியில கதவோட ஒரு ஆளு வந்தாரா?”



“உக்காந்திருக்காங்க,” என்றாள் நித்திலா. “எனக்கு அடி குடுத்துட்டாங்க.”

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

“அது அப்படித்தான். போன வருசம் நெழலக் குடுத்துட்டு வந்துச்சு,” என்றார். “சரி, நான் நிக்கேன்.”

அவர் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்று நாளாக நடுங்கியிருக்க வேண்டும்.

பேருந்து கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. வடிவும் நித்திலாவும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

“டிபன் பாக்ஸ அங்கன விட்டுட்டேன். எடுத்துட்டு வாறேன்,” என்றேன்.

டிபன் பாக்ஸ் வடிவின் மடியில் இருந்தது. அவள் அதன் மேல் முந்தானையை இழுத்துப் போட்டாள்.

“சரி, போயிட்டு வாங்க,” என்றாள்.

என்னிடம் மிச்சம் நிறைய இருந்தது. ஆடி வரைக்கும் வீட்டில் நடக்க வைத்திருந்தது. பால் வாங்க, கோயிலுக்குப் போக, இரவில் எழுந்து பிள்ளைக்குப் போர்த்திவிட. அதிலிருந்து எடுத்துத்தான் தேரியில் ஏறினேன்.

சவரிராயன் கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மணல் அவர் இடுப்பு வரை வந்திருந்தது. தாழ்ந்த வெயிலில் தேரி முழுவதும் அடுப்புக் கங்கு போல ஒளிர்ந்தது. வேறு ஒருவரும் இல்லை.

கைகளால் மணலைத் தள்ளி அவர் கால்களை வெளியே எடுத்தேன். என் உள்ளங்கால்களை மூன்று முறை தேய்த்தேன். அவர் பாதங்களைக் கைகளில் ஏந்தினேன். அவை கடல் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தன. பேருந்து வரைக்கும் வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியை எண்ணாமல் விட்டேன். பாதங்கள் மெல்லச் சூடாயின.

அவர் விழிக்கவில்லை.

எழுந்து, சத்தம் வராமல், நுனிக்காலில் நடந்தேன். நுனிக்காலில் வைப்பதும் முழு அடிதானா என்று தெரியவில்லை. கேட்பதற்கும் அங்கே ஆளில்லை.