வெப்சைட்டில் மட்டும் நடக்கும் படிப்பு

மூன்று துறைத் தலைவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசியது மொத்தமே ஒரு முறைதான். அதுவும் யார் துறையின் பெயர் முதலில் வர வேண்டும் என்பதற்காக. நாடகத்துறையும் டிசைன் துறையும் கம்ப்யூட்டர் துறையும் கைகோத்து நடத்தப்போகும் நாடக முதுகலைப் படிப்பாம். பாடத்திட்டம் கிடையாது, வாத்தியார் கிடையாது. ஒத்திகைக் கூடத்தில் டிசைன்காரர்கள் உடைந்த நாற்காலிகளை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி கேட்டால் முறைக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழக வெப்சைட்டில் இந்தப் படிப்புக்கு ஒரு பக்கம் மட்டும் உடனே வேண்டும். மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்தின் தரம் பார்க்க ஆய்வுக்குழு வருகிறதே!

எழுதும் வேலை பாகீரதியின் தலையில் விழுந்தது. அவள் நாடகத்துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். நான்கு வருடமாக எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கத் துறைத் தலைவர் சேஷகிரியின் கையெழுத்துக்குக் காத்து நிற்பவள். இந்த வருடத்துக் காகிதமும் அவர் மேஜையில்தான் கிடந்தது.

பெயர்ச் சண்டைக்கு வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் க்ளென் ஒரு வழி சொன்னான். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துறையின் பெயர் மாறி மாறி மேலே வரும்படி செய்துவிடலாம் என்றான். மூவருக்கும் பரம திருப்தி. அன்று முழுக்க மூன்று அறைகளிலும் மூன்று பெரிய மனிதர்கள் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். மறுநாள் சேஷகிரி க்ளென்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, கம்ப்யூட்டர்காரங்க பேரு மட்டும் ஜாஸ்தி வருதே, அவங்க உனக்குச் சொந்தக்காரங்களா?”

தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு! பாகீரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயருக்கு அடித்துக்கொள்ளும் இந்த மூவரில் ஒருவர்கூடப் பெயருக்குக் கீழே இருந்ததைப் படிக்கவில்லை.

கீழே இருந்ததோ அவள் எழுத்து. பல மொழிகளில் இருந்தால் ஆய்வுக்குழுவுக்குப் பிடிக்கும் என்று தமிழிலும் ஒரு பக்கம் போடச் சொல்லியிருந்தார்கள். ‘முதல் நாளிலிருந்தே மூன்று துறை ஆசிரியர்களும் உங்களோடு ஒத்திகைக் கூடத்தில் நிற்பார்கள். இதுவரை மேடை கிடைக்காதவர்களுக்காகவே இந்தக் கூடம்’ என்று எழுதினாள். எழுதும்போது தலையில் அடித்துக்கொண்டாள். அப்படி அடித்துக்கொண்டதாலேயே தனக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துக்கொண்டாள். விவரங்களுக்குத் தொடர்புகொள்ள என்ற இடத்தில் தங்கள் பெயரைப் போட மட்டும் தலைவர்கள் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. அங்கே அவள் பெயர் போயிற்று.

பக்கம் ஏறிய மூன்றாம் நாள் காலை துறையின் போன் அடித்தது. பேசியவள் அன்னம்மாள். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தாள், சர்ச் விழாக்களில் நாடகம் போடுகிறவள்.

“அது நீங்க எழுதினதா மேடம்? எட்டு தடவ படிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் இங்க பர்மனென்ட். ஒரு தடவ விட்டா திரும்ப எடுக்க மாட்டாங்க. வேலைய விட்டுட்டு வரலாமா மேடம்?”

வராதே என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சேஷகிரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பேஜ்ல போட்டிருக்கிறதுதாம்மா. அதுக்கு மேல நான் எதுவும் சொல்லக்கூடாது.”

“அது போதும் மேடம், அது போதும்!”

சாயங்காலம் கையெழுத்தான காகிதம் பாகீரதியின் கைக்கு வந்தது.

ஆய்வுக்குழு வரவிருந்த அன்று காலையில் அன்னம்மாளும் வந்து நின்றாள். இஸ்திரி போட்ட சுடிதார். பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டுகளும், அவற்றுக்கு மேலே, வேலையிலிருந்து விடுவித்துக் கம்பெனி கொடுத்த ரிலீவிங் லெட்டரும். சேஷகிரிக்கு வாயெல்லாம் பல்.

“நம்ம முதல் ஸ்டூடன்ட்! ஏம்மா பாகீரதி, ரிஹர்சல் ஹால் வாசல்ல நிக்கவெச்சு ஒரு போட்டோ எடுத்து பேஜ்ல ஏத்திடுங்க. பூட்டு மட்டும் தெரியக்கூடாது, என்ன?” என்று சொல்லிவிட்டு, ஆய்வுக்குழுவின் கார் வந்துவிட்டதா என்று பார்க்க ஓடினார்.

கூடத்து வாசலில் அன்னம்மாள் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். கையில் துரு ஒட்டியது.

“இன்னைக்கு லீவா மேடம்? எப்பத் தொறப்பாங்க?”

பாகீரதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது. இத்தனை நாள் அந்த மூவரையும் மனதுக்குள் எப்படியெல்லாம் திட்டினாள்! அவர்களாவது ஒரு வரி எழுதவில்லை, ஒருத்தியும் அவர்களை நம்பி வேலையை விடவில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்கே கூப்பாடு எழும், ஆய்வுக்குழுவின் காதில் விழும். பாகீரதி போனை எடுத்து கேமராவைத் திறந்தாள்.

“கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து நில்லும்மா.”

அன்னம்மாள் நகர்ந்து, பூட்டை முதுகால் மறைத்துக்கொண்டு, சிரித்தாள்.