நூற்றெண்பதா, இருநூறா

"இப்ப நான் மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்?"

பெவர்லி உளவியல் படிக்கப் போகிறாள் என்று தெரிந்த அன்று அவளுடைய நாத்தனார் ஜானிஸ் கேட்ட கேள்வி இது. நாற்பத்தேழு வயதில் இவளுக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்றுதான் ஜானிஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டுபிடிக்க முதுகலைப் பட்டம் எதற்கு?

வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை இரண்டு ஆண்டில் உளவியலுக்கு மாற்றிவிடும் படிப்பு அது. பெவர்லியின் பழைய பட்டம் துணி வடிவமைப்பில். அவள் அதை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்வதற்குள் எங்கள் ஊரின் கடைசி ஆலையையும் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அதனால் தொடக்கப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தாள். பத்தொன்பது ஆண்டுகளாகக் கடிக்கிற பிள்ளை, மேசைக்கடியில் ஒளிகிற பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை எல்லாம் அவள் பக்கத்து நாற்காலியில்தான். பருவத்துக்கு ஒருமுறை நகர கவுன்சிலிலிருந்து ஓர் உளவியலாளர் வருவார். ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் பார்ப்பார். பெவர்லி ஓராண்டாகச் சொல்லிவந்ததையே நான்கு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் பள்ளி அதை நம்பும். அந்தக் கையெழுத்தை இனித் தானே போடுவது என்று பெவர்லி முடிவு செய்தாள். அதற்கு முதற்படி இந்தப் பட்டம்.

படிப்பு முழுவதும் இணையவழி. அங்கேதான் வினை.

மகன் டோபி லீட்ஸுக்குப் படிக்கப் போனபோது புது மேசை, புது விளக்கு, புதுக் கெட்டில். சாமான்களைக் காரில் ஏற்ற அப்பாவும் அத்தையும், வாசலில் நின்று கையசைக்கப் பாதித் தெருவும். பெவர்லி படிக்கப் போனது சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. அதற்கு யார் கையசைப்பார்கள்? "நீ வீட்டுலதானே இருக்க?" என்றான் கணவன் நைஜல். அதற்கப்புறம் அந்த வீட்டின் தேசிய கீதம் அதுதான். பார்சல் வருது, நீ வீட்டுலதானே இருக்க. குழாய்க்காரர் வர்றார், நீ வீட்டுலதானே இருக்க. டோபியின் காலி அறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கே நைஜலின் உடற்பயிற்சி சைக்கிள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு பொல்லாத தெரு இல்லை. இரக்கமுள்ள தெரு. அந்த இரக்கம் முழுவதும் நைஜலுக்கே போனது. ஜானிஸ் வாரம் இரண்டு முறை மாவுக்குள் இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்காரர் சூப் கொடுத்தனுப்பினார். பெண்டாட்டி உயிரோடு மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, அவளைப் புதைத்துவிட்டு வந்தவனைப் போல நைஜலிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"எப்படிக் கண்ணு சமாளிக்கிற?"

"என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்கூட இப்ப நான்தான்."

அவன் ரோஸ்ட் செய்த விதம் இப்படி. சனிக்கிழமையே பெவர்லி உருளைக்கிழங்கைத் தோலுரித்துத் தண்ணீரில் போட்டுவைப்பாள். இறைச்சிக்கு உப்பும் மிளகும் தடவி டிரேயிலேயே மூடிவைப்பாள். எதை எப்போது எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், எந்தத் திருகை எதுவரை திருப்ப வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவாள். ஞாயிறன்று நைஜல் அவற்றைக் குளிர்பெட்டியிலிருந்து ஓவனுக்கு எடுத்துப் போவான். தூரம் நான்கடி. இந்தச் சாதனைக்காக அவனுடைய பௌல்ஸ் பந்தாட்டக் கிளப்பில் கிறிஸ்துமஸ் விருந்தின்போது எழுந்து நின்று கைதட்டி, சமைக்கும்போது கட்டிக்கொள்ள ஓர் ஏப்ரன் பரிசளித்தார்கள். நைஜல் கண் கலங்கினானாம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புள்ளியியல் தேர்வு வந்தது. இந்தத் தேர்வுகளில் கணினியின் கேமராதான் கண்காணிப்பாளர். தொடங்குமுன் அதைத் தூக்கி அறையின் நான்கு மூலையையும் காட்ட வேண்டும். மேசையில் துண்டுக் காகிதம் இருக்கக்கூடாது. இரண்டு மணி நேரம் அறைக்குள் இன்னொரு குரல் கேட்கக்கூடாது. பெவர்லி இதை நைஜலிடம் மூன்று முறை சொன்னாள். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான்.

பதினேழாவது கேள்வியில் கதவு திறந்தது. குளிர்பெட்டிக் காகிதத்தைப் படிப்பதைவிட இவளைக் கேட்பது நைஜலுக்குச் சுலபம்.

"பெவ், நூத்தி எண்பதா இருநூறா?"

"நூத்தி எண்பது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கம் அப்படி. தூக்கத்தில் கேட்டாலும் சாக்ஸ் எங்கே, சாவி எங்கே, டிகிரி எத்தனை என்று அவள் வாய் தானாகச் சொல்லும். கதவு மூடிய பிறகுதான் தேர்வு நினைவுக்கு வந்தது. கேமரா மறக்கவில்லை, பதிவு செய்துகொண்டது. பதினேழாவது கேள்விக்கு விடை ஓர் எண். சரியான விடை நூற்றெண்பது. பெவர்லி தன் மூளையால் கணக்குப் போட்டு எழுதியதும் அதுவே.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வில் வெளியாளின் உதவி பெற்றதாகக் குற்றச்சாட்டு. புதன்கிழமை மூன்று மணிக்கு இணையவழி விசாரணை. குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். அறைக்குள் வந்த நபர் எழுத்தில் விளக்கம் தரலாம்.

பெவர்லி நைஜல் சொல்வதுபோல் மூன்று வரி எழுதி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படித்ததும் அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"'ஓவன் சூடு எவ்வளவுன்னு தெரியாமல் கேட்கப் போனேன்.' தெரியாமல்னு போடணுமா?"

"தெரியாமத்தானே கேட்ட?"

"தெரியும். ஒரு உறுதிக்குக் கேட்டேன்."

"சரி, அப்படியே எழுது. ஆனா ஓவன்னு எழுது, நைஜல். அந்த ஒரு வார்த்தையிலதான் என் படிப்பே இருக்கு."

"நான் பக்குவமா எழுதி நானே அனுப்பிடுறேன். நீ கவலைப்படாதே, செல்லம்."

மறுநாள் அனுப்பியும்விட்டான். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "உன்னைப் பத்தி நல்லபடியாத்தான்" என்றான். பெவர்லி நம்பினாள். உளவியல் படிப்பவர்கள் தம் வீட்டு ஆட்களை மட்டும் படிப்பதில்லை போலும்.

புதன்கிழமை மூன்று மணி. மடிக்கணினித் திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்தவர் குழுத் தலைவர், டாக்டர் பெனலப்பி ரெட்மன்; கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். இந்தப் பக்கம் பெவர்லி. அவளருகே சாட்சியாக நைஜல், அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில். பின்னால் சோபாவில் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜானிஸ். தம்பிக்குத் துணையாக வந்தாளாம். குற்றம் சாட்டப்பட்டவள் யார் என்பதில் அவளுக்குச் சின்னக் குழப்பம் இருந்திருக்கலாம்.

"மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ், உங்க கடிதத்தைப் படிக்கிறேன்," என்றார் டாக்டர் ரெட்மன். "'என் மனைவி களைப்பாக இருப்பாள் என்று தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு எதுவும் பேசியதாக நினைவில்லை.' இது நீங்க எழுதினதுதானே?"

பெவர்லி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க. நான்தான்."

"உங்க மனைவி ஓவன் சூடு கேட்க வந்தீங்கன்னு எழுதியிருக்காங்க. நீங்க தேநீர்ங்கறீங்க. பதிவுல ரெண்டு எண் கேட்குது, கோப்பை மட்டும் தெரியல."

"கீழ வச்சிருப்பேன்."

"அப்ப அந்த நூத்தி எண்பது?"

நைஜல் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். "இங்க பாருங்க டாக்டர், ஓவன் சூடு எனக்குத் தெரியாதா? வாரா வாரம் ரோஸ்ட் பண்றவன் நான். கிளப்புல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஏப்ரன்கூட குடுத்திருக்காங்க."

"ஆமா, வேணும்னா இப்பவே எடுத்துக் காட்டுவான்," என்றாள் சோபாவிலிருந்து ஜானிஸ்.

இடப்பக்கத்து முகம், ஒரு தாடிக்காரர், வருத்தத்தோடு சொன்னார்: "மிஸஸ் ஹார்கிரீவ்ஸ், ஐம்பது தாண்டின ஒரு மனுஷன், தன் சொந்த வீட்டு ஓவன் சூட்டை அடுத்தவங்களைக் கேட்டாத்தான் தெரியும்னு நீங்க சொல்றீங்க. அதை நாங்க நம்பணுமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

பெவர்லி யோசித்துப் பார்த்தாள். பத்தொன்பது ஆண்டுப் பள்ளி, இரண்டு ஆண்டுப் படிப்பு, சனிக்கிழமைதோறும் உரித்த உருளைக்கிழங்கு எல்லாம் இப்போது ஒருவனின் ஏப்ரனுக்குள் சுருட்டப்பட்டுக் கிடந்தன. அவள் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். பள்ளிக் கூட்டங்களில்கூடக் கடைசி நாற்காலிதான். இப்போதும் குரல் சன்னமாகத்தான் வந்தது.

"ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாமா, டாக்டர்? ரெண்டு நிமிஷம் போதும்."

"என்ன சோதனை?"

"சாட்சி உருளைக்கிழங்கு வறுக்கணும். வறுக்கக்கூட வேணாம். டிரேயை எடுத்து, ஓவனைச் சூடு பண்ணட்டும்."

திரையில் மூன்று முகங்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. பிறகு டாக்டர் ரெட்மன் தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "செய்யட்டும்."

பெவர்லி இடைக்கதவை விரியத் திறந்துவிட்டு, கணினியைத் தூக்கிச் சமையலறை மேடையில் வைத்துத் திருப்பினாள்.

"இதென்ன சர்க்கஸா?" என்றான் நைஜல். ஆனால் மூன்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போனான்.

அன்று புதன்; குளிர்பெட்டிக் கதவில் காகிதம் இல்லை, அந்த ஓவனின் திருகுகளில் எண்களும் இல்லை. தினமும் துடைத்துத் துடைத்து அவளே அவற்றை அழித்துவிட்டிருந்தாள். சூடு அவள் விரலுக்குத் தெரியும். நைஜல் முதல் திருகைத் திருப்பினான்; மேலே கிரில் சிவந்தது. அணைத்தான். இரண்டாவதைத் திருப்பினான், டைமர் மணி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது, நிறுத்தத் தெரியவில்லை. அது கத்தக் கத்த, டிரேயைத் தேடினான். முதல் அலமாரியில் சாப்பாட்டுத் தட்டுகள். அடுத்ததில் கேக் அச்சுகள். அதற்கடுத்ததில் சலவைத்தூள். குடிவந்து இருபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு தன் வீட்டை முதன்முதலாகச் சுற்றிப் பார்க்கிறவனைப் போல ஒவ்வொரு கதவாகத் திறந்தான், திறந்ததை மூடவில்லை.

"டேய், கீழடா, ஓவனுக்குக் கீ..." என்று ஜானிஸ் பதறினாள். மணிச் சத்தத்தில் அது அவன் காதில் விழவில்லை.

"சோபாவுல இருக்கிறவங்க தயவுசெய்து பேசாதீங்க," என்றார் டாக்டர் ரெட்மன்.

எட்டாவது கதவும் திறந்தாயிற்று. மணி கத்திக்கொண்டிருந்தது. நைஜலின் நெற்றியில் வியர்வை. விசாரணை, சாட்சி, தேநீர் எல்லாம் அவனுக்கு அந்த நொடியில் மறந்துபோயின. குனிந்தபடியே, தலையைத் திருப்பாமல், எரிச்சலோடு கேட்டான்:

"பெவ், டிரேயை எங்கதான் வச்சுத் தொலைச்ச?"

பெவர்லியின் வாய் திறந்தது. திறந்ததை அவளே கவனித்தாள். பல்லைக் கடித்து மூடிக்கொண்டாள்.

"பெவ்?"

அவள் கணினியைச் சற்று நேராக்கினாள்.

"பெவ், கேக்குதா இல்லையா?"

மணி ஒன்றுதான் கத்தியது. தாடிக்காரர் கையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் ரெட்மன் மட்டும் சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார்.

"எங்களுக்குப் போதும், மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ். நீங்க எழுந்திரிக்கலாம்."

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. முறைகேடு இல்லை. மதிப்பெண் அப்படியே இருக்கும். கூடவே ஓர் அறிவுரை: "மிஸஸ் ஹார்கிரீவ்ஸ், இனிமே தேர்வு நேரத்துல அறைக்குள்ள யாரும் வராதபடி நீங்கதான் பாத்துக்கணும். அது மாணவரோட பொறுப்பு."

"அதுக்கு ஏதாவது படிவம் இருந்தா அனுப்புங்க, டாக்டர்," என்றாள் பெவர்லி. "நிரப்பி வாங்கப் பாக்குறேன்."

திரை அணைந்தது. பெவர்லி எழுந்து போய், ஒரு விரலால் மணியை நிறுத்தினாள். பிறகு மேசைக்குத் திரும்பி, அடுத்த வாரப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். படிப்பு அவளிடமே இருந்தது.

நைஜல் எட்டுக் கதவும் திறந்து கிடக்க, நடுவில் நின்றான்.

"மூணு பேர் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்ட. ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்து உதிர்ந்துடுமா?"

பெவர்லி பக்கத்தைப் புரட்டினாள்.

"சரி, சொல்லாதே." அவன் சோபா பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது, சின்ன வயதில் அக்காவிடம் பலகாரம் கேட்ட குரல். "ஜான், நீயாவது சொல்லு. அந்த டிரே எங்கதான் இருக்கு?"

இப்போது ஜானிஸை யாரும் பேசாதே என்று தடுக்கவில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குனிந்து படித்துக்கொண்டிருந்த பெவர்லியின் பிடரியைப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம். பிறகு எழுந்து, கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.