பின்பக்கத்து விலாசம்

புருஷன் ராபர்ட் அதைச் சீட்டு என்பான். அச்சடித்துக் கொடுத்த அப்துல்லா ஸ்டிக்கர் என்றான். லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் லேபிள் என்றார்கள். முந்திரி கம்பெனி மேஸ்திரி மார்க் என்பார். ஜான்சிக்கு எந்தப் பேரானாலும் சரி. ஒட்டினால் ஒட்டிக்கொள்ள வேண்டும், எண்ணெய்க் கை பட்டால் எழுத்து அழியக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

முன்பக்கம் ‘ஜான்சி மிளகு முந்திரி’ என்று பச்சை எழுத்து. பின்பக்கம் எடை, பேக்கிங் தேதி, சேர்மானம். அதற்குக் கீழே விலாசம்: ஜான்சி ராபர்ட், 4/17, காலனித் தெரு, அண்ணாகிராமம் வழி, பண்ருட்டி வட்டம்.

அச்சுக்குக் கொடுத்த அன்றே அப்துல்லா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அக்கா, இந்தக் ‘காலனி’ங்குற வார்த்தைய எடுக்கப் போறாங்கன்னு டி.வி.ல சொன்னாங்களே. கொஞ்ச நாள் பொறுத்து அடிச்சிக்கலாமா?”

“டி.வி.ல எடுத்துட்டாங்க தம்பி. என் லைசென்ஸ்ல இன்னும் எடுக்கல. ரெண்டும் வேற வேறயா இருந்தா ஃபைன் போடுவாங்களாம். நீ அடி.”

அடித்தான். ஐந்நூறு.

பதினெட்டு வருஷம் கம்பெனியில் கொட்டை உடைத்தவள் ஜான்சி. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டினால் ஓட்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் வெந்து, கறுத்து, உரிந்து, மறுபடி கறுக்கும். ரேஷன் கடை மெஷினில் அவள் விரல் பதிந்து வருஷக்கணக்காகிறது. அங்கே அவள் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறாள். நாலு மாசமாக உடைக்கப் போகாமல், உடைத்தெடுத்த முந்திரிப் பயறு வாங்கி வந்து வீட்டில் மிளகு போட்டு வறுத்து, பண்ருட்டியில் தெரிந்தவர்களுக்கு விற்றுப் பார்த்தாள். விற்றது. ஆனால் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க அடுப்பெரிக்க முடியாது. திங்கட்கிழமைக்குள் வந்து உட்கார்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆளைப் போடுவேன் என்று மேஸ்திரி சொல்லியனுப்பிவிட்டார். இன்று வெள்ளி. சிதம்பரத்தில் ஒரு நல்ல கடை பிடித்துவிட்டால் திங்கட்கிழமை போக வேண்டியதில்லை.

நாற்பது பாக்கெட்டைப் பையில் அடுக்கி, வடலூர் வழி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் இளவரசு நல்ல மனுஷர். உட்கார ஸ்டூல் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பாக்கெட்டைக் கத்தரித்து ஒரு பயறை வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ணாமல் போட்டார்.

“ரொம்ப நல்லாருக்கும்மா. காரம் அளவா இருக்கு. வாரம் எவ்ளோ தர முடியும்?”

“நீங்க எவ்ளோ கேட்டாலும் தருவேண்ணே.”

“தாராளமா வைக்கலாம்” என்றபடி பாக்கெட்டைத் திருப்பினார். படித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு மெதுவாக மறுபடி மெல்லத் தொடங்கியது.

“ஏம்மா, விலாசம் இவ்ளோ நீட்டா எதுக்கு? பண்ருட்டின்னு மட்டும் போட்டா பத்தாதா?”

“லைசென்ஸ்ல உள்ளபடி போடணும்ணே. சட்டம்.”

“சட்டம் சரிதான். எனக்கு ஒண்ணும் கெடையாதும்மா, நான் அதெல்லாம் பாக்குற ஆளே இல்ல. வாங்குறவங்கதான் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க. நாலு விதமான ஜனம் வருது.” இன்னொரு பயறை எடுத்தார். “ஒண்ணு செய்யி. இந்த லேபிளே வேணாம். லூசா குடுத்துடு. நம்ம கடைக் கவர்ல போட்டுக்கறேன். கோபுரம் படம் போட்டு அழகா வச்சிருக்கோம்.”

“கோபுரமா வறுத்துச்சு?”

இளவரசு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள் அடுப்பு, எவ்வளவு விறகு என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். லூசாகக் கொடுத்தாலும் திங்கட்கிழமை கொட்டை உடைக்கப் போக வேண்டாம். கை ஆறும். பேரில்லாமல் ஆறும்.

“லூசா வேணும்னா கிலோவுக்கு நூறு ரூபா ஜாஸ்திண்ணே.”

“இன்னாம்மா இது, கவரு இல்ல, லேபிள் இல்ல, கொறைக்கத்தான செய்யணும்?”

“பேரு ஒட்டுறது சுலபமான வேல. எடுக்குறதுதான் கஷ்டம். அதுக்குத் தனிக் கூலி.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே விளையாட்டு எதுவும் தெரியவில்லை.

அப்போது ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் கடையேறினாள். கழுத்தில் ஏதோ பேங்க்கின் அடையாள அட்டை. பிரித்து வைத்த பாக்கெட்டைக் காட்டி, “சாம்பிளா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முழுப் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்தாள். திருப்பினாள்.

இளவரசு அவள் கண்ணைப் பார்த்தார். ஜான்சி அவள் விரலைப் பார்த்தாள். விரல் எழுத்துக்களின் மேல் மெதுவாக இறங்கியது.

“போன வாரம்தான் பேக் பண்ணியிருக்காங்க” என்றாள் அந்தப் பெண். “பாமாயில் இல்லையே?”

“கடலை எண்ணெய்” என்றாள் ஜான்சி.

“அப்போ ரெண்டு குடுங்க சார்.”

ஜிபே ஒலித்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இளவரசு கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியை ஒருமுறை துடைத்தார்.

“எல்லாரும் இப்படி இருக்க மாட்டாங்கம்மா.”

“எல்லாருக்கும் நான் கொண்டாரல. நாப்பதுதான் கொண்டாந்தேன். ரெண்டு போச்சு, ஒண்ணு நீங்க சாப்பிட்டீங்க.”

ஜான்சி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி. இளவரசு துணியை மடித்தார். பிரித்த பாக்கெட்டில் கடைசியாகக் கிடந்த பயறைப் பார்த்தார், எடுத்தார்.

“சரி, இருவது வைய்யி. வெள்ளிக்கு வெள்ளி வா. ஓடுதான்னு பாப்போம்.”

“லேபிளோட?”

“ஒட்டிட்டியே, இன்னா பண்றது.”

அவரே எழுந்து அடுக்கினார், கண்மட்டத்துக்குக் கீழே இரண்டாவது தட்டில். பச்சை எழுத்து வெளியே தெரிய, விலாசம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்திலிருந்த கடலை மிட்டாய்க்கும் அப்படித்தான் இருந்தது.

மீதிப் பதினேழோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ராபர்ட்டுக்குப் போன் போட்டாள்.

“மாமா, இருவது எடுத்துக்கிட்டாரு. ஓடுதான்னு பாக்குறாராம்.”

“அப்போ திங்கக்கெழம? மேஸ்திரி கேட்டா இன்னா சொல்றது?”

ஜான்சி பையைப் பார்த்தாள். இருபது பாக்கெட் ஒரு வாரம் அடுப்பெரிக்கக் காணாது. நடந்தே போகிற தூரத்தில் இன்னும் மூன்று கடை தெரிந்தது.

“வர்லன்னு சொல்லு” என்றாள். “நான் வர ராத்திரி ஆவும். இன்னும் மூணு எடத்துல விலாசம் சொல்ல வேண்டியிருக்கு.”